ஆசும் பற்றாசும்

‘ஆசு’ என்னும் சிறு சொல்லுக்கு அகராதிகள் பல பொருள் தருகின்றன. அவற்றில் இரண்டு இங்கே வேண்டியவை. ஒன்று, குற்றம். மாணாக்கரின் ஆசு இரியச் செய்பவர் ஆசிரியர் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம் (சொற்பிறப்பு அறிந்தவர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்). மற்றொன்று பற்றாசு. இரண்டு உலோகத் துண்டுகளை ஒன்றாக்குவதற்காக இடையில் உருக்கி விடப்படும் மூன்றாவது உலோகம் அது. இன்று பட்டறைகளில் ‘சால்டர்’ என்றும் ‘லெட்’ என்றும் வழங்குவது இதுவே.

யாப்பிலக்கணம் பயின்றவர்களுக்கு இந்த இரண்டாம் பொருள் புதிதன்று. இரண்டு குறட்பாக்களை ஒரு தனிச்சொல்லால் இணைத்து ஒரே வெண்பாவாக்கும்போது, முதற் குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவில் ஓசை இடறுமானால், அங்கே ஓரசையோ ஈரசையோ சேர்த்து இடைவெளியை அடைப்பார்கள். அப்படிச் சேர்த்த அசைக்குப் பெயர் ஆசு. அத்தகைய பாட்டு ஆசிடை நேரிசை வெண்பா. ஒன்றோடொன்று ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு இட்டு ஒன்றாக்குவதை இதற்கு உவமையாகச் சொல்கிறது யாப்பருங்கலக்காரிகையின் உரை. கம்மியரின் சொல் புலவரின் இலக்கணத்துக்குள் இவ்வளவு இயல்பாக வந்து அமர்ந்திருக்கிறது என்றால், உரைகாரர் பட்டறை வாசலில் சிறிது நேரமாவது நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

குற்றத்துக்கும் பற்றாசுக்கும் ஒரே சொல் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பற்றாசின் வரலாற்றைப் பார்த்தால் அந்தத் தற்செயல் மிகவும் பொருந்திவிடுகிறது. இணைக்கும் பொருள் இணைக்கப்படும் பொருளைவிட முன்னதாக உருக வேண்டும். அதற்காக அதில் வேறொன்றைக் கலக்க வேண்டும். கலந்த அந்த ஒன்றே பிறகு குறையாகத் தெரியவரும். பொன்னில் அது மாற்றைக் குறைத்தது. மின்னணுப் பலகையில் அது நஞ்சாக இருந்தது. இரண்டு கதைகளும் கோயம்புத்தூர் வட்டாரத்தில் நம் கண்முன்னே நடந்தவை.

பொற்கொல்லரிடமிருந்து தொடங்கலாம். தூய பொன் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். பொன்னில் செம்பும் வெள்ளியும் சேர்த்தால் உருகுநிலை இறங்கும். இறங்கிய அந்தக் கலவையைச் சிறு துணுக்குகளாக்கி, வெங்காரம் தடவிய மூட்டுவாயில் வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்துவார்கள். நகை சிவக்கும், உருகாது. துணுக்கு மட்டும் உருகி மூட்டுக்குள் ஓடிவிடும். ‘பொடி வைத்து ஊதுவது’ என்ற பேச்சு வழக்கு இந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். வெங்காரத்தின் வேலை உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்து நீக்குவது. பற்றவைப்பு எதுவானாலும் இந்த மூன்றும் உண்டு: சூடு, பற்றாசு, அழுக்கை நீக்கும் துணைப்பொருள். மூன்றாவதை மறந்தவனுக்கு முதல் இரண்டும் கைகொடுக்காது.

பொன் பற்றாசின் சிக்கல் பின்னால் தெரியும். நகையின் உடல் 22 காரட்டாக இருந்தாலும், நூறு மூட்டுகளில் இட்ட செம்பு கலந்த துணுக்குகள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. பழைய நகையை உருக்கும்போது மாற்று குறைந்து நிற்கும். ‘பற்று அதிகம்’ என்று அடகுக்கடையில் கழித்துக்கொள்வார்கள். இதற்கு மாற்றாக வந்ததுதான் நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு காலத்தில் கேட்டு வாங்கிய ‘கேடிஎம்’ நகை. கேடிஎம் என்பது காட்மியம் என்ற பெயரின் சுருக்கமே. 92 பங்கு பொன்னில் 8 பங்கு காட்மியம் சேர்த்தால் அந்தப் பற்றாசே ஏறத்தாழ 22 காரட் ஆகிவிடும். உருக்கினாலும் மாற்று விழாது. அதன் விலையைக் கொடுத்தவர் வாங்கியவர் அல்லர். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பொன் பற்றவைக்கும் சுடரின் சூடு அதற்கும் மேல். ஆகவே ஊதுகுழலின் முன் குனிந்திருந்தவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-இல் தொடங்கி, 2021 ஜூனில் கட்டாயமாகத் தொடங்கிய ஹால்மார்க் முறையில் காட்மியத்துக்கு இடமில்லை. துத்தநாகம் போன்றவற்றைக் கொண்ட பற்றாசுகள் வந்தன. ஆனாலும் ‘கேடிஎம்’ என்பது தூய்மைக்கு இன்னொரு பெயர் என்று நம்புகிற வாடிக்கையாளர்களை இன்றும் பார்க்கலாம்.

பொன்னுக்கு ஆகும் பற்றாசு கடினமானது, மிகுந்த சூடு கேட்பது. செம்புக்கும் பித்தளைக்கும் ஏற்றது மென்பற்றாசு. அதன் மூலப்பொருள் ஈயம். இங்கே நம் மொழி ஒரு குழப்பத்தை வைத்திருக்கிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ஒன்று உணவுப் பாத்திரத்துக்கு உகந்தது, மற்றொன்று உடலுக்குள் போகவே கூடாதது. பேச்சில் இரண்டும் ‘ஈயம்’. வங்கம் என்ற சொல்லும் இரண்டையும் குறிக்கும். தகரம் என்பது முன்பு வெள்ளீயம். இப்போது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுமாதலால், உள்ளே நீரில்லாமல் அடுப்பில் ஏற்றினால் சொம்பு அப்படியே குழைந்து விழுந்துவிடும். விலை குறைவு என்பதற்காகக் காரீயம் கலந்த சொம்பை வாங்கியவருக்கு மொழி எந்த எச்சரிக்கையும் கொடுப்பதில்லை.

தெருவில் ஈயம் பூச வருகிறவரை இளம் வயதில் பார்த்தவர்களுக்குப் பற்றவைப்பின் பாதி பாடம் முடிந்துவிட்டது என்று நான் சொல்வேன். தரையில் குழி பறித்து, கரி இட்டு, துருத்தியால் ஊதி, பித்தளைக் குண்டாவைச் சூடேற்றுவார். உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார், வெண்புகை எழும். ஈயக் குச்சியால் ஓர் இழுப்பு; பழந்துணியால் ஒரு துடைப்பு. பித்தளை முழுவதும் வெள்ளியாகிவிடும். ஈயம் ஒரு சொட்டாகத் திரண்டு நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவினால்தான் உலோகத்தோடு உலோகம் கலந்தது என்று பொருள். இதைத்தான் மின்னணுவியலார் ‘நனைதல்’ என்கிறார்கள். ‘ஈயம் பூசினாற் போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும்’ என்று நாம் கிண்டலாகச் சொல்லும் வாக்கியம், நல்ல சால்டர் மூட்டுக்கு நான் அறிந்தவற்றில் மிகத் துல்லியமான இலக்கணம். குண்டாகப் பந்துபோல நிற்பது பிழை. கம்பியின் உருவம் உள்ளே தெரிய, ஓரங்கள் மெல்லச் சரிந்து இறங்குவது சரி.

இந்தக் கைத்தொழில் மின்னணுவியலோடு கைகோத்தது 1930-களில். பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கி வந்த பத்தாண்டு அது. நூற்பாலைகள் பெருகின. 1934-இல் மதுக்கரையில் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமெண்ட் ஆலை எழுந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். 1939 மே மாதம் திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941-இல் அறிவித்தார். சாமானியர் தொட முடியாத விலையில் வெளிநாட்டுப் பெட்டிகள் விற்ற காலத்தில் அது துணிச்சலான பேச்சு. பின்னாளில் யூ.எம்.எஸ். என்ற பெயரிலேயே கோயம்புத்தூர் வானொலிகள் வெளிவந்தன.

ஒரு வால்வு வானொலியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் அடிவயிறு முழுக்கப் பற்றவைப்புதான். அச்சிட்ட சுற்றுப்பலகை இல்லை. தகட்டுச் சட்டத்தின் கீழே வால்வுத் தாங்கிகளின் காதுகளிலிருந்து மின்தடையும் மின்தேக்கியும் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு முனையும் கம்பியைச் சுற்றி முறுக்கிப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கனத்த செம்புமுனைச் சூட்டுக்கோல், தடித்த பற்றாசுக் கம்பி. மின்சாரம் வராத ஊர்களில் சூட்டுக்கோலைக் கரியடுப்பில் காய்ச்சினார்கள். வெள்ளீயம் செம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும் என்பதால் முனை குழிவிழும். அரத்தால் ராவி மீண்டும் ஈயம் பூச வேண்டும். இன்றைய முனைகளுக்கு இரும்புப் பூச்சு உண்டு, ராவினால் அந்தப் பூச்சு போய்விடும். பழைய ஆட்கள் பலர் பழக்கதோஷத்தால் புதிய முனைகளைக் கெடுத்தது இப்படித்தான்.

அவர்களில் சிலர் செய்த இன்னொரு பிழை, பாத்திரப் பட்டறையின் ஆசிட்டை வானொலிக்குக் கொண்டுவந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுக் கரைத்த துத்தநாகக் குளோரைடு, குடத்தின் ஓட்டையை அடைப்பதற்கு அருமையான துணைப்பொருள். குடத்தைக் கழுவிவிடலாம். வானொலியைக் கழுவ முடியாது. மிச்சம் நின்ற உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, சில மாதங்களில் கம்பியைப் பச்சையாக்கி அரித்துவிடும். மின்வேலைக்கு உகந்தது பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின். அது சூட்டில் மட்டும் அமிலமாக வேலை செய்து, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகிச் செயலற்றுக் கிடக்கும். இந்தப் பிசினைக் கம்பியின் உள்ளேயே துளையிட்டு அடைத்து விற்கும் முறை பரவியபோது (இங்கிலாந்தின் எர்சின் மல்டிகோர் கம்பியில் ஐந்து துளைகள் உண்டு) பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கும் கதவு திறந்தது. சூடும் பற்றாசும் துணைப்பொருளும் இரண்டே கைகளுக்குள் அடங்கிவிட்டன. இன்று கடையில் கம்பி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே ரோசின் உண்டா என்பதுதான். குழாய் வேலைக்கான ஆசிட் கம்பி ஒரு சுற்றைத் தீர்த்துக்கட்டிவிடும்.

இரண்டாவது கேள்வி கலவை விகிதம். இதில் ஓர் அழகு இருக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். கலந்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ உருகும் என்றுதான் எதிர்பார்ப்போம். 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயம் சேர்ந்தால் உருகுவது 183 டிகிரியில். தனித்தனியே இருந்ததைவிடத் தாழ்வாக. அதுவும் ஒரே புள்ளியில், திடம் நேரே திரவமாகிவிடும். எளிதில் உருகுவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லால் இதனை யூடெக்டிக் கலவை என்பர். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் 60/40 கம்பி 183-இல் இளகத் தொடங்கி ஏறத்தாழ 190-இல் முழுதும் உருகும். நடுவில் ஒரு கூழ் நிலை. காரீயக் குழாய்களை இணைத்த பழைய பிளம்பர்களுக்குக் கூழ் நிலை நெடுநேரம் வேண்டும், துணியால் வழித்து உருவம் கொடுக்க. அவர்கள் காரீயத்தை இரு மடங்குக்கு மேல் சேர்த்தார்கள். மின்னணுவியலுக்கு அந்தக் கூழ்தான் எதிரி. ஆறும் கணத்தில் கம்பி அசைந்தால் மூட்டு மங்கிப்போய், உள்ளுக்குள் விரிசலோடு இறுகிவிடும்.

மெக்கானிக்குகள் ‘ட்ரை சால்டர்’ என்று சொன்னது இத்தகைய மூட்டுகளையே. 1980-களில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தபின் இந்தச் சொல் குடும்பத்தலைவிகள் வரை பரவியது. பெட்டியின் தலையில் தட்டினால் படம் வரும், சூடேறினால் போகும். தட்டுவதற்கென்றே வீட்டில் ஒரு பையனின் கை பழகியிருக்கும். சரியாக நனையாத மூட்டோ, சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி விண்டுபோன மூட்டோ தட்டும் அதிர்வில் சற்றுத் தொட்டுக்கொள்கிறது, அவ்வளவே. மெக்கானிக் பலகையைக் கவிழ்த்துப்போட்டு ஐயத்துக்குரிய மூட்டுகளை எல்லாம் மறுபடி சூடாக்கிவிட்டுப் போவார். பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடைகளிலும் இதே பாடம் வேறு வடிவில் உண்டு. எனாமலைச் சுரண்டி எடுக்காத செம்புக் கம்பியில் ஈயம் ஒட்டாது. ஒட்டியது போலத் தோன்றும், கோடையில் கிணற்றடியில் மோட்டார் நின்றுபோகும். கொங்கு நாட்டு வேளாண்மை எத்தனை பற்றவைப்புகளின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது என்று எவரும் எண்ணிப்பார்த்ததில்லை.

இனிக் குற்றத்துக்கு வருவோம். காரீயம் உடலில் சேரும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குவது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்தை விலக்கியது. 2011-இல் இந்தியா வகுத்த மின்கழிவு விதிகளின் இத்தகைய கட்டுப்பாடு 2014 மே முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளின் சீரான பகுதி எதிலும் காரீயம் 0.1 சதவீதத்தைத் தாண்டலாகாது. இவை உற்பத்தியாளர்களைக் கட்டுப்படுத்துபவை. வீட்டு மேசையில் ஒலிபெருக்கி செய்கிறவரை எந்த ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை. காரீயம் கலந்த கம்பி காந்திபுரத்துக் கடைகளிலும் சென்னை ரிட்சி தெருவிலும் கிடைக்கவே செய்கிறது.

இங்கே ஒரு தவறான அச்சத்தையும் ஒரு தவறான துணிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எழும் புகையைக் காரீயப் புகை என்று பலர் நினைக்கிறார்கள். காரீயம் கொதிப்பது 1749 டிகிரியில். 350 டிகிரி முனையில் அது ஆவியாவது பொருட்படுத்தத் தக்கதன்று. காட்மியக் கதையிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. கண்ணை எரிப்பது ரோசினின் புகை. அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. காரீயம் இல்லாத கம்பியிலும் அதே புகை உண்டு. எனவே சன்னலும் சிறு மின்விசிறியும் எல்லாருக்கும் வேண்டும். காரீயம் போகும் வழி கைவிரல். கம்பியைப் பிடித்த விரலால் முறுக்கு தின்பது, இரு கையும் வேலையாக இருக்கும்போது கம்பியைப் பல்லால் கவ்விக்கொள்வது, சாப்பாட்டு மேசையிலேயே பற்றவைத்துத் தெறித்த துணுக்குகளைத் துணியால் தட்டிவிடுவது: ஆபத்து இவற்றில்தான். பல்லால் கவ்வும் பழக்கத்தை நான் தேர்ந்த கைகாரர்களிடமே பார்த்திருக்கிறேன்.

காரீயத்தை விலக்கிய கலவைகளில் பரவலானது 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, அரைப் பங்கு செம்பு. உருகுநிலை 217-இலிருந்து 220 டிகிரி. வெள்ளி வேண்டாமென்றால் 99.3 பங்கு வெள்ளீயமும் 0.7 பங்கு செம்பும்; அது 227. வெள்ளியின் விலை கம்பியின் விலையில் தெரியும். முப்பது நாற்பது டிகிரி வேறுபாடு காகிதத்தில் சிறிது, கையில் பெரிது. சோல்ட்ரான் போன்ற 25 வாட் சாதாரணச் சூட்டுக்கோலால் பழகியவர் இதைத் தொட்டால், ஓடாமல் தயங்குகிறது, மூட்டு மங்கலாக நிற்கிறது, கை தவறிவிட்டது என்று சோர்ந்துபோவார். மங்கல் இக்கலவையின் இயல்பு. பிழையின் அடையாளம் அன்று. சூட்டைக் கட்டுப்படுத்தும் நிலையம் ஒன்று இருந்து, முனையை 350-க்கும் 380-க்கும் இடையில் வைத்தால் இதுவும் பழகிவிடும்.

கடையில் கேட்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பற்றாசுக் கம்பிக்கே ‘லெட்’ என்று பெயராகிவிட்டபடியால், “ஏனுங்கண்ணா, லெட் இல்லாத லெட் இருக்குதுங்களா?” என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் சிறிதும் திகைப்பதில்லை. வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஒரே ஈயமாக்கிய மரபு ஆங்கிலச் சொல்லிலும் தன் வேலையைக் காட்டுகிறது. பற்றாசு என்ற சொல்லையே மீட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இராது. எந்த உலோகத்தையும் அது முன்கூட்டியே குற்றவாளியாக்குவதில்லை.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. தனி அறையும், கை கழுவும் ஒழுக்கமும், வீட்டில் தவழும் குழந்தை இல்லாமையும் இருந்தால், கற்கத் தொடங்குபவருக்கு ரோசின் உள்ள 63/37 கம்பியே நல்ல ஆசான்; செய்த பிழையை உடனே பளபளப்பில் காட்டிவிடும். 60/40-உம் போதும். பருமன் 22 கேஜ், அதாவது 0.7 மில்லிமீட்டர் அளவு, பெரும்பாலான வேலைக்குச் சரி. 18 கேஜ் தடித்த கம்பி மூட்டில் தேவைக்கு மேல் கொட்டிவிடும். சூட்டை முதலில் பலகைக்கும் கம்பிமுனைக்கும் சேர்த்துக் கொடுத்து, பிறகு மூட்டில் பற்றாசைத் தொட வேண்டும். சூட்டுக்கோலின் முனையில் உருக்கிக்கொண்டுபோய் அப்பினால், வழியிலேயே ரோசின் எரிந்துவிடும். பள்ளிக்கூடங்களின் நிலை வேறு. 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சூட்டுக்கோல் பிடிக்கிறார்கள். அங்கே காரீயம் கலந்த கம்பியை வைப்பதற்கு எந்தச் சிக்கனமும் நியாயமாகாது. நாற்பது பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் மதிய உணவுக்குப் போனார்கள் என்று எந்த ஆசிரியராலும் உறுதி சொல்ல முடியாது.

பழைய வானொலிகளைச் சீர்செய்பவர்கள் மட்டும் பழைய கலவையோடு இருப்பதே நன்று. காரீயம் உள்ள மூட்டின் மேல் புதிய கம்பியை இட்டால் இரண்டும் கலந்து, உருகுநிலை இன்னதென்று சொல்ல முடியாத மூன்றாவது ஒன்று உண்டாகும். யூ.எம்.எஸ். பெட்டி ஒன்று பரணிலிருந்து இறங்கி வந்தால், 60/40 கம்பியும், செம்பு வலைப்பின்னலால் ஆன உறிஞ்சு பட்டையும், சற்றுக் கனத்த முனையும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தோடு இணைந்த மூட்டுகள் சூட்டை இழுத்துக்கொள்ளும். 25 வாட் அங்கே போதாது. எடுத்த பழைய ஈயத் துணுக்குகளை ஒரு மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வையுங்கள்.